கிரப் ரெஸ்க்யூ திரையிலிருந்து மீள்வது: மூன்று இயங்குதளங்கள் உள்ள பழைய மடிக்கணினிக்கு முழு வழிகாட்டி

என் மேசையில் 2009-இல் வாங்கிய மடிக்கணினி ஒன்று இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது. கோர் 2 டியோ செயலி, 4 ஜிபி நினைவகம், 250 ஜிபி வன்தட்டு. விண்டோஸ் 7, லினக்ஸ் வகைகளான டெபியன், லினக்ஸ் மின்ட் மூன்றும் அதில் குடியிருக்கின்றன. இடம் போதவில்லை என்று ஒரு நாள் மாலை, விண்டோஸில் இருந்தபடியே, பயன்படாமல் கிடந்த ஒரு பார்ட்டிஷனை (வன்தட்டைப் பிரித்த பகுதிகளில் ஒன்றை) அழித்தேன். விண்டோஸ் எந்தப் புகாரும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பொத்தானை அழுத்தியபோது கறுப்புத் திரையில் மூன்றே வரிகள்:

எரர்: நோ சச் பார்ட்டிஷன்.
என்டரிங் ரெஸ்க்யூ மோட்...
கிரப் ரெஸ்க்யூ>

கிரப் என்பது, கணினி எழும்போது எந்த இயங்குதளம் வேண்டும் என்று பட்டியல் காட்டி அதை எழுப்பும் சிறு நிரல், அதாவது பூட் லோடர். இந்த இடத்தில்தான் பலர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுகிறார்கள். ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். அது சரியாகிறது, பத்து வருடப் புகைப்படங்கள் போய்விடுகின்றன. எனக்கு இது மிகுந்த வருத்தம் தருகிற விஷயம். இந்தத் திரை வரும்போது கோப்புகள் எல்லாம் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே பத்திரமாக இருக்கின்றன. தொலைந்தது சில கிலோபைட் அளவுள்ள கைகாட்டி மட்டும். கைகாட்டி சாய்ந்துவிட்டது என்பதற்காக ஊரை இடித்துக் கட்ட வேண்டியதில்லை.

எனவே முதல் விதி: காரணம் தெரியும்வரை வன்தட்டில் ஒரு பைட்டைக்கூட எழுதாதீர்கள். மறுநிறுவல் வேண்டாம், ஏதோ ஒரு சரிசெய்யும் மென்பொருளின் பொத்தானை அழுத்திப் பார்க்கவும் வேண்டாம். கைப்பேசியில் அந்தத் திரையை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதன் பிறகு.

ஒரு குறிப்பு. கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். எழுத்துக்கு எழுத்து வாசிக்க வேண்டிய இடங்கள் பார்த்தவுடனே புரியும்: எஸ்டிஏ என்பது மூன்று எழுத்து, எச்டி0 என்பது இரண்டு எழுத்தும் ஒரு சுழியமும்.

எந்தப் படியில் வண்டி நின்றது

பழைய பயாஸ் முறை மடிக்கணினி விழித்தெழுவது ஒரு தொடர் ஓட்டம். தாய்ப்பலகையில் பதிந்த தொடக்க நிரலான பயாஸ், வன்தட்டின் முதல் செக்டாரை (வட்டின் மிகச் சிறிய துண்டு) படிக்கிறது. எம்பிஆர் எனப்படும் அந்த செக்டார் மொத்தமே 512 பைட். அதில் 446 பைட் நிரலுக்கு, 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு, கடைசி 2 பைட் அடையாள முத்திரைக்கு. 446 பைட்டுக்குள் பெரிதாக எதுவும் செய்துவிட முடியாது. அந்தக் குட்டி நிரல், தனக்கு அடுத்துள்ள செக்டார்களில் பதித்து வைக்கப்பட்ட கிரப்பின் மையப் பகுதியை எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. மையப் பகுதி, லினக்ஸ் பார்ட்டிஷனில் இருக்கும் /பூட்/கிரப் கோப்புறையைத் தேடிப் போகிறது. அங்கிருந்து நார்மல் என்ற கூறையும், பிறகு கிரப்.சிஎஃப்ஜி என்ற அமைப்புக் கோப்பையும் எடுத்துப் பட்டியலைக் காட்டுகிறது. நீங்கள் தேர்ந்தெடுத்த பிறகு, இயங்குதளத்தின் கருவான கெர்னல் வருகிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால் திரையில் வரும் ஒவ்வொரு செய்தியும் எந்தப் படியில் தடுக்கியது என்று சொல்லிவிடும்.

ஆபரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட் என்றால் முதல் படியே ஏறவில்லை. பயாஸுக்கு வன்தட்டே தெரியவில்லை, அல்லது அது வேறு எதிலிருந்தோ தொடங்கப் பார்க்கிறது. செருகியபடியே மறந்துபோன பென் டிரைவைக் கழற்றியதும் சரியானதை நானே பார்த்திருக்கிறேன். கிரப் ரெஸ்க்யூ> என்று வந்தால் மையப் பகுதி எழுந்துவிட்டது, கோப்புறைதான் கிடைக்கவில்லை. ரெஸ்க்யூ இல்லாமல் கிரப்> என்று மட்டும் வந்தால் கோப்புறையும் கிடைத்துவிட்டது, அமைப்புக் கோப்புதான் இல்லை அல்லது படிக்க முடியவில்லை. எந்தப் பட்டியலும் வராமல் நேராக விண்டோஸ் திறந்தால், விண்டோஸ் நிறுவி எம்பிஆரின் நிரல் பகுதியைத் தன்னுடையதாக மாற்றி எழுதிவிட்டது. பூட்எம்ஜிஆர் ஈஸ் மிஸ்ஸிங், எக்ஸ்பியில் என்டிஎல்டிஆர் ஈஸ் மிஸ்ஸிங் ஆகிய இரண்டும் விண்டோஸ் பக்கத்துக் கோளாறுகள். கிரப்பைத் திருத்தினால் அவை தீராது. பட்டியல் அழகாக வந்து, லினக்ஸைத் தேர்ந்தெடுத்த பிறகு திரை கறுத்துப்போனால் அது பெரும்பாலும் வரைகலை இயக்கியின் பிரச்சினை. பூட் லோடர் தன் வேலையை முடித்துவிட்டது.

மிகப் பழைய நிறுவலில் எரர் 17, எரர் 22 என எண்கள் வரலாம். அது கிரப்பின் முதல் தலைமுறை. 17 என்றால் பார்ட்டிஷன் இருக்கிறது, அதன் கோப்பு முறைமையை (கோப்புகளை அடுக்கி வைக்கும் அமைப்பை) படிக்க முடியவில்லை. 22 என்றால் அப்படி ஒரு பார்ட்டிஷனே இல்லை. அந்தத் தலைமுறையில் பார்ட்டிஷன் எண்ணிக்கை 0-இல் தொடங்கும். இன்றைய கிரப் 2-இல் வன்தட்டு 0-இலும் பார்ட்டிஷன் 1-இலும் தொடங்கும். பழைய குறிப்பேட்டைப் பார்த்துக் கட்டளை அடிப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

கிரப்பைத் தொடும் முன் இரண்டு சோதனைகள்

பயாஸ் திரைக்குள் சென்று தேதியைப் பாருங்கள். பல வருடங்கள் பின்னால் போயிருந்தால், தாய்ப்பலகையில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. இது சின்ன விஷயம் இல்லை. பேட்டரி தீர்ந்தால் தேதியோடு சேர்ந்து பூட் வரிசையும், வன்தட்டோடு பேசும் சாட்டா இயங்குமுறையும் (ஏஎச்சிஐ அல்லது ஐடிஇ) தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிடும். ஏஎச்சிஐ முறையில் நிறுவிய விண்டோஸ் 7, ஐடிஇ முறைக்கு மாறிய மறுகணமே நீலத் திரை காட்டி 0x0000007பி என்ற எண்ணோடு நின்றுவிடும். லினக்ஸ் பெரும்பாலும் ஒன்றும் நடக்காததுபோல எழுந்துவிடும். அதனால் கிரப் விண்டோஸைக் கெடுத்துவிட்டது என்று பழி விழுகிறது. சாட்டா முறையைப் பழையபடி மாற்றி, பேட்டரியை மாற்றினால் முடிந்தது. பல மடிக்கணினிகளில் இந்த பேட்டரி கறுப்பு உறைக்குள், சிவப்பு கறுப்பு ஒயர்களோடு சின்ன இணைப்பியில் செருகப்பட்டிருக்கும்; வெறும் பேட்டரியை வாங்காமல், இணைப்பியோடு வருவதைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, வன்தட்டின் உடல்நலம். பதினைந்து வருட வன்தட்டில் பூட் லோடர் திடீரென்று படிக்கப்படவில்லை என்றால், அந்த செக்டாரே செத்துப்போயிருக்கலாம். பென் டிரைவிலிருந்து லினக்ஸை எழுப்பி, ஸ்மார்ட்மோன்டூல்ஸ் தொகுப்பில் உள்ள கருவியால் பாருங்கள்:

சூடோ ஸ்மார்ட்சிடிஎல் -ஏ /டெவ்/எஸ்டிஏ

அதில் ரீஅலோகேட்டட் செக்டார், கரன்ட் பென்டிங் செக்டார் என்ற இரண்டு வரிகளின் கடைசி எண்ணைப் பாருங்கள். பென்டிங் வரியில் 0-ஐத் தவிர வேறு எண் இருந்தால் கிரப்பை மறந்துவிடுங்கள். முதலில் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ கொண்டு வன்தட்டு முழுவதையும் வேறொரு வட்டுக்கு நகலெடுங்கள். சாகும் வட்டில் பூட் லோடரை நிறுவ முயல்வது, மூச்சு வாங்குகிறவரை மாடி ஏறச் சொல்வதைப் போல.

மீட்புக்கான பென் டிரைவ்

நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓடும் எந்த லைவ் லினக்ஸும் போதும், ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. வன்தட்டில் உள்ள லினக்ஸ் 64 பிட் என்றால் லைவ் லினக்ஸும் 64 பிட்டாக இருக்க வேண்டும். 32 பிட் கெர்னலிலிருந்து 64 பிட் அமைப்புக்குள் சிஎச்ரூட் செய்தால் (அதாவது அதற்குள் புகுந்து கட்டளை கொடுக்கப் பார்த்தால்) எக்ஸிக் ஃபார்மட் எரர் என்று மறுத்துவிடும். நேர்மாறாகச் செய்யலாம்: 64 பிட் லைவிலிருந்து 32 பிட் அமைப்பைத் திருத்துவதில் தடையில்லை. செயலியே 32 பிட் மட்டும் என்றால் தேர்வு குறுகிவிட்டது. டெபியன் 13, 32 பிட் கணினிகளுக்கான நிறுவியைக் கைவிட்டுவிட்டது. டெபியன் 12 அல்லது ஆன்டிஎக்ஸ் உங்களுக்குக் கைகொடுக்கும். சில பழைய பயாஸ்கள் பென் டிரைவிலிருந்து எழவே மறுக்கும். அவற்றுக்கு டிவிடிதான் வழி.

2011 முதல் 2013 வரையான மடிக்கணினிகளில் பயாஸ், அதன் வாரிசான யூஇஎஃப்ஐ இரண்டு முறையும் கலந்திருக்கும். வன்தட்டில் நிறுவப்பட்டது எந்த முறையோ அதே முறையில் பென் டிரைவும் எழ வேண்டும். சூடோ எஃப்டிஸ்க் -எல் என்று கொடுத்தால் டிஸ்க்லேபிள் டைப் என்ற வரியில் டாஸ் என்று வந்தால் அநேகமாக பயாஸ் முறை, ஜிபிடி என்று வந்தால் அநேகமாக யூஇஎஃப்ஐ. லைவ் லினக்ஸ் எழுந்த முறையை அறிய, /சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ என்ற கோப்புறை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் யூஇஎஃப்ஐ. இரண்டும் பொருந்தவில்லை என்றால் பயாஸ் திரைக்குத் திரும்பி மாற்றுங்கள். பொருந்தாமல் கிரப்பை நிறுவினால் அது பதிவதும் வேறு இடம், வேறு வகை.

ரெஸ்க்யூ வரியிலேயே எழுப்பிவிடலாம்

இப்போது என் மடிக்கணினிக்குத் திரும்புகிறேன். என்ன நடந்தது என்பதை எண்களோடு சொல்கிறேன், ஏனென்றால் இதே கதைதான் பல வீடுகளில் நடக்கிறது.

எம்பிஆர் அட்டவணையில் நான்கு இடங்கள்தான் உண்டு. அதற்கு மேல் வேண்டுமென்றால் ஓர் இடத்தை எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனாக்கி, அதற்குள் லாஜிக்கல் பார்ட்டிஷன்களை அமைக்க வேண்டும். லாஜிக்கல் எண்கள் 5-இல் தொடங்கும். என் வட்டில் 1-உம் 2-உம் விண்டோஸ், 3 எக்ஸ்டெண்டட், அதற்குள் 5 பழைய தரவு, 6 ஸ்வாப் (நினைவகம் போதாதபோது லினக்ஸ் பயன்படுத்தும் இடம்), 7 டெபியன், 8 மின்ட். எம்பிஆரில் இருந்த கிரப் மின்ட்டுடையது. அதன் மையப் பகுதிக்கு, கோப்புறை 8-இல் இருக்கிறது என்று சொல்லி வைக்கப்பட்டிருந்தது. நான் 5-ஐ அழித்ததும் லாஜிக்கல் வரிசை ஒவ்வொன்றாக முன்னே நகர்ந்தது: ஸ்வாப் 5, டெபியன் 6, மின்ட் 7. கிரப் 8-இன் கதவைத் தட்டியது. அங்கே வீடே இல்லை.

ரெஸ்க்யூ வரியில் எல்எஸ், செட், அன்செட், இன்ஸ்மாட் என்ற நான்கு கட்டளைகள்தான் வேலை செய்யும். டேப் விசை உதவாது, எனவே பொறுமையாக அடியுங்கள். முதலில்:

எல்எஸ்

எனக்கு (எச்டி0) (எச்டி0,எம்எஸ்டாஸ்7) (எச்டி0,எம்எஸ்டாஸ்6) என்று 1 வரை வந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். கடைசிச் சாய்கோடு முக்கியம்:

எல்எஸ் (எச்டி0,எம்எஸ்டாஸ்7)/

விண்டோஸ் பார்ட்டிஷனிலும் ஸ்வாப்பிலும் அன்னோன் ஃபைல்சிஸ்டம் என்று வரும். பயப்பட வேண்டாம். மையப் பகுதிக்குத் தன் வீட்டுக் கோப்பு முறைமை மட்டும்தான் தெரியும். மற்றவை கெட்டுப்போனதாக அதற்குப் பொருள் இல்லை. லினக்ஸ் இருக்கும் பார்ட்டிஷனில் பூட், ஹோம், யூஎஸ்ஆர் என்று கோப்புறைப் பெயர்கள் வரிசையாக வரும். அந்த வரிசையைக் கண்டபோது எனக்கு வந்த நிம்மதியை இன்னும் மறக்கவில்லை. எல்லாம் அப்படியே இருந்தன. பிறகு:

செட் பிரிஃபிக்ஸ்=(எச்டி0,எம்எஸ்டாஸ்7)/பூட்/கிரப்
செட் ரூட்=(எச்டி0,எம்எஸ்டாஸ்7)
இன்ஸ்மாட் நார்மல்
நார்மல்

நான்காவது வரியை அடித்ததும் பழைய பட்டியல் வந்து நின்றது. உள்ளே உள்ள பதிவுகள் பார்ட்டிஷன் எண்ணை மட்டும் நம்பாமல் யூயூஐடி என்ற நிலையான அடையாளத்தைத் தேடுவதால், எண் மாறியும் லினக்ஸ் தடையின்றி எழும்.

பூட் தனி பார்ட்டிஷனாக இருந்தால் பாதை /கிரப் என்று மட்டும் இருக்கும். இரண்டு லினக்ஸ் இருந்தால், எம்பிஆரில் இருப்பது எவருடைய கிரப்போ அவருடைய கோப்புறையையே கொடுங்கள். மாற்றிக் கொடுத்தால் சிம்பல் நாட் ஃபவுண்ட் என்று வரலாம். கெட்டது எதுவும் நடந்துவிடாது. அடுத்த பார்ட்டிஷனை முயன்று பாருங்கள்.

கிரப்> வரியில் நிற்பவர்களுக்கு இன்னும் வசதி, டேப் விசை வேலை செய்யும். லினக்ஸை எழுப்ப:

செட் ரூட்=(எச்டி0,எம்எஸ்டாஸ்7)
லினக்ஸ் /பூட்/விஎம்லினஸ்... ரூட்=/டெவ்/எஸ்டிஏ7 ஆர்ஓ
இனிட்ஆர்டி /பூட்/இனிட்ஆர்டி...
பூட்

புள்ளிகள் உள்ள இடத்தில் டேப் அடித்து முழுப் பெயரை நிரப்புங்கள். கெர்னலும் (விஎம்லினஸ் கோப்பு), அது எழ உதவும் இனிட்ஆர்டி கோப்பும் ஒரே பதிப்பு எண்ணாக இருக்கட்டும். விண்டோஸ் 7 வேண்டுமென்றால் இன்ஸ்மாட் என்டிஎஃப்எஸ், செட் ரூட்=(எச்டி0,எம்எஸ்டாஸ்1), செயின்லோடர் +1, பூட் என்ற நான்கு வரிகள்.

நிரந்தரமாகச் சரிசெய்தல்

ரெஸ்க்யூ வரியில் செய்தது அந்த ஒரு முறைக்குத்தான். லினக்ஸ் எழுந்ததும் முனையத்தில்:

சூடோ கிரப்-இன்ஸ்டால் /டெவ்/எஸ்டிஏ
சூடோ அப்டேட்-கிரப்

எஸ்டிஏ என்பதற்குப் பின்னால் எண் போடாதீர்கள். எஸ்டிஏ என்பது வட்டு, எஸ்டிஏ7 என்பது பார்ட்டிஷன். இன்ஸ்டாலேஷன் ஃபினிஷ்ட், நோ எரர் ரிப்போர்ட்டட் என்று வர வேண்டும். முன்னதாக எல்எஸ்பிஎல்கே கொடுத்து, எது உள்வட்டு, எது பென் டிரைவ் என்று கொள்ளளவைப் பார்த்து உறுதி செய்யுங்கள். லைவ் பென் டிரைவிலிருந்து எழும்போது சில கணினிகளில் பென் டிரைவே எஸ்டிஏ ஆகிவிடும்.

லினக்ஸை எழுப்பவே முடியவில்லை என்றாலோ, விண்டோஸ் எம்பிஆரை மாற்றி எழுதிவிட்டது என்றாலோ லைவ் பென் டிரைவிலிருந்து உள்ளே போக வேண்டும்:

சூடோ மவுண்ட் /டெவ்/எஸ்டிஏ7 /எம்என்டி
சூடோ மவுண்ட் --பைண்ட் /டெவ் /எம்என்டி/டெவ்
சூடோ மவுண்ட் --பைண்ட் /பிராக் /எம்என்டி/பிராக்
சூடோ மவுண்ட் --பைண்ட் /சிஸ் /எம்என்டி/சிஸ்
சூடோ மவுண்ட் --பைண்ட் /ரன் /எம்என்டி/ரன்
சூடோ சிஎச்ரூட் /எம்என்டி

பூட் தனி பார்ட்டிஷன் என்றால் அதையும் /எம்என்டி/பூட் என்ற இடத்தில் இணைத்துவிட்டுத்தான் சிஎச்ரூட் செய்ய வேண்டும். இதை மறந்தால் கட்டளைகள் எல்லாம் பிழையின்றி ஓடும், மறுதொடக்கம் செய்தால் பழைய பட்டியலே வரும். ஏன் என்று தெரியாமல் ஒரு மணி நேரம் போய்விடும். உள்ளே வந்த பிறகு அதே கிரப்-இன்ஸ்டால், அப்டேட்-கிரப். எக்சிட் கொடுத்து வெளியே வந்து மறுதொடக்கம் செய்யுங்கள். ஃபெடோராவில் இவை கிரப்2-இன்ஸ்டால், கிரப்2-எம்கேகான்ஃபிக் என்ற பெயர்களில் இருக்கும்.

விண்டோஸ் பட்டியலில் வரவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம்: 2021-இல் வந்த கிரப் 2.06 முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டுள்ளது. /இடிசி/டிஃபால்ட்/கிரப் கோப்பைத் திறந்து, கிரப்_டிஸேபிள்_ஓஎஸ்_புரோபர்=ஃபால்ஸ் என்று ஒரு வரி சேருங்கள். சமக்குறிக்கு இடப்பக்கம் உள்ளதைப் பேரெழுத்திலும் வலப்பக்கம் உள்ளதைச் சிற்றெழுத்திலும் எழுதி, மீண்டும் அப்டேட்-கிரப் கொடுங்கள்.

பழைய கணினிக்கே உரிய மூன்று சிக்கல்கள்

எக்ஸ்பி காலத்தில் பிரித்த வட்டுகளில் முதல் பார்ட்டிஷன் 63-ஆவது செக்டாரில் தொடங்கும். அதற்கு முன் எம்பிஆர் போக 62 செக்டார், அதாவது 31 கிலோபைட் மட்டுமே கிரப்பின் மையப் பகுதிக்குக் கிடைக்கும். விஸ்டா முதல் தொடக்கம் 2048-ஆவது செக்டார் ஆனதால் இடம் தாராளம். பழைய வட்டில் புதிய லினக்ஸை எல்விஎம், பிடிஆர்எஃப்எஸ் போன்ற சிக்கலான சேமிப்பு முறைகளின் மேல் நிறுவினால் மையப் பகுதி பெருத்து, எம்பெடிங் ஏரியா அன்யூஷுவலி ஸ்மால் என்று கிரப்-இன்ஸ்டால் நின்றுவிடும். விண்டோஸ் பார்ட்டிஷனை நகர்த்தி இடம் உண்டாக்கலாம் என்று சிலர் சொல்வார்கள்; பழைய வட்டில் அது மணிக்கணக்கில் ஓடும், நடுவில் மின்சாரம் போனால் எல்லாம் போகும். என் பரிந்துரை, பூட் கோப்புறையைச் சாதாரண எக்ஸ்ட்4 (லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமை) பார்ட்டிஷனில் வைப்பது. மையப் பகுதி இளைத்துவிடும், பெரும்பாலும் 31 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும்.

அடுத்தது, 137 ஜிபி எல்லை. 28 பிட் முகவரி மட்டும் அறிந்த பயாஸால் அந்த எல்லைக்கு அப்பால் படிக்க முடியாது. கிரப் வட்டைப் படிப்பது பயாஸின் கண்களால்தான். எனவே லினக்ஸ் பார்ட்டிஷன் அந்த எல்லையைத் தாண்டிப் பரந்திருந்தால், மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிய கணினி, ஒரு கெர்னல் புதுப்பிப்புக்குப் பிறகு அட்டெம்ப்ட் டு ரீட் ஆர் ரைட் அவுட்சைட் ஆஃப் டிஸ்க் என்று திடீரென நிற்கும். புதிய கெர்னல் கோப்பு எல்லைக்கு அப்பால் போய் உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான். பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் எழும். நிரந்தரத் தீர்வு, வட்டின் தொடக்கத்தில் 1 ஜிபி அளவில் தனி பூட் பார்ட்டிஷன்.

மூன்றாவது, சிம்பல் 'கிரப்_காலாக்' நாட் ஃபவுண்ட். 2020 ஜூலையில் பூட்ஹோல் என்ற பாதுகாப்பு ஓட்டையை அடைக்கப் புதுப்பிப்பு வந்தபோது பலரை இது பிடித்தது. வன்தட்டைக் கழற்றி எஸ்எஸ்டிக்கு மாற்றிய பழைய மடிக்கணினிகள் இதில் எளிதாக மாட்டின. டெபியன், உபுண்டு குடும்பத்தில் கிரப்-பிசி தொகுப்பு, மையப் பகுதியை எந்த வட்டில் பதிக்க வேண்டும் என்று நினைவில் வைத்திருக்கிறது. நகலெடுத்த எஸ்எஸ்டியில் அந்த நினைவு பழைய வட்டின் பெயரையே சொல்லும். அதனால் கோப்புறையில் உள்ள கூறுகள் புதிதாகும், எம்பிஆரை அடுத்துள்ள மையப் பகுதி பழசாகவே நிற்கும். இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் காணாது. சிஎச்ரூட் செய்து கிரப்-இன்ஸ்டால் கொடுத்தால் இன்றைக்குச் சரியாகும். நாளைக்கும் சரியாக இருக்க வேண்டுமானால்:

சூடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கிரப்-பிசி

வரும் வட்டுப் பட்டியலில் ஸ்பேஸ் விசையால் சரியான வட்டைக் குறியிட்டு என்டர் கொடுங்கள். எஸ்எஸ்டிக்கு மாறியவர்கள் கோளாறு வரும்வரை காத்திராமல் இன்றே இதைச் செய்துவிடலாம்.

இரண்டு லினக்ஸ், ஒரு பட்டியல்

டெபியனும் மின்ட்டும் ஒரே வட்டில் இருந்தால் யாராவது ஒருவர்தான் வீட்டு நிர்வாகி. மின்ட்டின் கிரப் எம்பிஆரில் இருக்கும்போது டெபியனில் கெர்னல் புதுப்பித்தால், டெபியன் தன்னுடைய பட்டியலை மட்டும் திருத்திக்கொள்ளும். நீங்கள் பார்க்கும் மின்ட் பட்டியல் பழையதாகவே இருக்கும். பழைய கெர்னலை டெபியன் நீக்கிய பிறகு அந்தப் பதிவு எதுவும் இல்லாத இடத்தைக் காட்டும். ஒவ்வொரு முறையும் மின்ட்டுக்கு வந்து அப்டேட்-கிரப் கொடுக்கலாம். அதைவிட, மின்ட்டின் /இடிசி/கிரப்.டி/40_கஸ்டம் கோப்பில் ஒரு பதிவு எழுதுவது எனக்குப் பிடித்த வழி: டெபியன் பார்ட்டிஷனை யூயூஐடி மூலம் சர்ச் கட்டளையால் தேடி, கான்ஃபிக்ஃபைல் /பூட்/கிரப்/கிரப்.சிஎஃப்ஜி என்று அதன் சொந்தப் பட்டியலைத் திறக்கச் சொல்லுங்கள். டெபியன் என்ன மாற்றினாலும் தானாகவே புதிதாக இருக்கும்.

நிர்வாகி பழைய லினக்ஸாக இருந்து, புதிய லினக்ஸின் பார்ட்டிஷனை அன்னோன் ஃபைல்சிஸ்டம் என்று சொன்னால், புதியவரை நிர்வாகியாக்குங்கள். எக்ஸ்ட்4-ஐ உருவாக்கும் கருவித் தொகுப்பான இ2எஃப்எஸ்புரோக்ஸின் 2023-இல் வந்த 1.47 பதிப்பு முதல் எக்ஸ்ட்4-இல் இயல்பாகச் சேர்ந்த சில வசதிகள் பழைய கிரப்புக்குப் புரிவதில்லை.

இன்னொரு தொல்லை ஸ்வாப். இரண்டாவது லினக்ஸை நிறுவும்போது அதன் நிறுவி பொது ஸ்வாப்பை மீண்டும் ஃபார்மட் செய்து யூயூஐடியை மாற்றிவிடும். முதல் லினக்ஸ் ஒவ்வொரு முறையும் ஒன்றரை நிமிடம் இல்லாத ஸ்வாப்புக்காகக் காத்திருக்கும். பிஎல்கேஐடி கட்டளையில் புதிய யூயூஐடியைப் பார்த்து, முதல் லினக்ஸின் /இடிசி/எஃப்எஸ்டேப் கோப்பில் மாற்றினால் போதும்.

விண்டோஸை ஹைபர்னேட் செய்துவிட்டு லினக்ஸுக்குள் வந்து பார்ட்டிஷன்களில் கை வைக்கவே கூடாது. விண்டோஸ் பழைய நினைவோடு எழுந்து, மாறிப்போன வட்டின் மேல் எழுதும். முழுமையாக மூடிவிட்டு வாருங்கள்.

ஆரம்ப கால யூஇஎஃப்ஐ மடிக்கணினிகளுக்கு ஒரு வார்த்தை. அவற்றில் சில, கிரப் பதிந்து வைக்கும் பூட் பதிவைக் கண்டுகொள்ளாமல், இஎஃப்ஐ பார்ட்டிஷனில் உள்ள மாற்றுப் பாதையை மட்டும் பார்க்கும். இஎஃப்ஐ பார்ட்டிஷன் /பூட்/இஎஃப்ஐ என்ற இடத்தில் இணைந்திருக்க, கிரப்-இன்ஸ்டால் கட்டளையோடு --ரிமூவபிள் என்று சேர்த்தால் அந்தப் பாதையிலேயே பதியும்.

லினக்ஸை நீக்கிவிட்டு விண்டோஸை மட்டும் வைத்துக்கொள்ள முடிவு செய்தவர்கள் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் விண்டோஸ் 7 டிவிடியிலிருந்து ரிப்பேர் பகுதிக்குச் சென்று பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர் கொடுங்கள். விண்டோஸ் தானாக எழுவதைக் கண்ணால் பார்த்த பிறகு லினக்ஸ் பார்ட்டிஷனை அழியுங்கள். இது எம்பிஆரின் நிரல் பகுதியை மட்டும் மாற்றும், பார்ட்டிஷன் அட்டவணையைத் தொடாது.

எல்லாம் ஓடும்போதே எடுக்க வேண்டிய நகல்

பார்ட்டிஷன் அட்டவணையையும் வட்டின் முதல் 1 எம்பியையும் கோப்புகளாக்கி பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்:

சூடோ எஸ்எஃப்டிஸ்க் -டி /டெவ்/எஸ்டிஏ > அட்டவணை.டெக்ஸ்ட்
சூடோ டிடி இஃப்=/டெவ்/எஸ்டிஏ ஓஎஃப்=தொடக்கம்.பின் பிஎஸ்=512 கவுண்ட்=2048

டிடி கட்டளையில் இஃப் என்பது எடுக்கும் இடம், ஓஎஃப் என்பது எழுதும் இடம். இரண்டையும் மாற்றி அடித்தால் வட்டின் தொடக்கமே அழியும். என்டர் அடிக்கும் முன் வாய்விட்டு ஒரு முறை படியுங்கள். எம்பிஆரின் நிரலை மட்டும் திரும்ப எழுத நேர்ந்தால் 512 போடாமல் பிஎஸ்=446 கவுண்ட்=1 என்று கொடுங்கள். நகல் எடுத்த பிறகு பார்ட்டிஷன்களை மாற்றியிருந்தால், 512 பைட்டையும் எழுதுவது இன்றைய அட்டவணையின் மேல் பழைய அட்டவணையை எழுதுவதாகிவிடும். பார்ட்டிஷனைச் சேர்த்தாலோ அழித்தாலோ அன்றே இரண்டு நகல்களையும் புதிதாக எடுங்கள். நான் எஸ்எஃப்டிஸ்க் தந்த பட்டியலை ஒரு தாளில் அச்சிட்டு, 5, 6, 7 என்ற எண்களுக்கு எதிரே ஸ்வாப், டெபியன், மின்ட் என்று பேனாவால் எழுதி, மடிக்கணினிப் பையில் வைத்திருக்கிறேன்.